ரொட்டிக்கு நன்றி

ஆப்பிள் காயவைப்பதில் எல்லோரும் செய்கிற தவறு அவசரம்தான், மிஸ்டர் ஓச்சோவா. சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வெளிப்பக்கம் இறுகிப்போகும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். நூற்று முப்பது டிகிரி ஃபாரன்ஹீட், எட்டு மணி நேரம், நடுவில் ஒரு தடவை திருப்பி வைக்க வேண்டும். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கிராவன்ஸ்டீன் ரகம். கொஞ்சம் புளிக்கும்.

உங்கள் ரெக்கார்டர் ஓடுகிறதா? சிவப்பு விளக்கு எரிகிறது, நல்லது. ஆனால் அதை மேசைமேல் அப்படியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜின் உறுமல் மரம் வழியாக ஏறி வந்து, பிறகு கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். இந்தத் துண்டை நாலாக மடித்து அடியில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் என் பக்கம். ம்ம்.

நீங்கள் ஹோய்ட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். "நான்தான் மூடல, நான்தான் மூடல" என்று அவன் அழுதானாம். எண்பத்தொரு வயது. காலையில் என்ன சாப்பிட்டான் என்பது நினைவில்லை, இது மட்டும் நினைவிருக்கிறது. அவன்மேல் வழக்குப் போடலாமா என்று உங்கள் போலீஸ் அலுவலகத்தில் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே உங்களைக் கூப்பிட்டேன். ஹோய்ட் ஈயைக்கூட அடிக்கமாட்டான்; ஜன்னலைத் திறந்து வழியனுப்பி வைப்பான். பாவம், அவன் பழி சுமக்கக் கூடாது. நான் பேசுவது ஹோய்ட்டுக்காக. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவின் பெயர் ப்ளூ ஸ்னெயில்ஸ். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அப்போது உங்கள் அம்மாவே பள்ளிக்கூடம் போயிருப்பார். ஒரே பாட்டில் பாஞ்சோ, தபலா, டூபா எல்லாம் வரும். நடுவில் மெக்சிகோ கல்யாணப் பாட்டு ஒன்று நுழையும், ஒரு நாய் குரைக்கும், அதையும் எடுத்துவிடமாட்டோம். செபாஸ்டபோல் ஊருக்கு மேற்கே ஒரு பழைய ஆப்பிள் தோட்டத்தை வாடகைக்கு எடுத்து எல்லோரும் அங்கேயே இருந்தோம். கொரின் பாடுவாள். டுவைட் பாஞ்சோ. ஹோய்ட் டூபா. தபலாக்காரர்கள் மாதத்துக்கு ஒருவர் வருவார்கள், போவார்கள். நான் ரொட்டி சுடுவேன், பதிவு செய்வேன்.

ஆமாம், பதிவு. பெரிய சுருள்கள் ஓடும் நாடா மெஷின் ஒன்றை ஹோய்ட்டின் மாமா கொடுத்திருந்தார். அதை ஓட்ட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. மைக்கை எங்கே வைப்பது, யாரை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொல்வது, மூடுபனி இறங்கினால் சத்தம் எப்படி மாறும், எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டேன். மாவு பிசைகிற கைக்கு அது எளிதாகவே வந்தது. இரண்டிலும் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

ஸ்டூடியோக்களில் ஒவ்வொரு முறை பதிவைத் தொடங்கும்போதும் தேதி, பாட்டின் பெயர், எத்தனையாவது டேக் என்று யாராவது சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டே நாள்.

"ஃபெர்ன், தயவுசெஞ்சு நீ பேசாத தாயே," என்றான் டுவைட். "உன் குரலக் கேட்டா அம்மா சாப்பிடக் கூப்பிடற மாதிரியே இருக்கு. மூடே போயிடுது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பேசுவதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன மைக் வைத்துக்கொண்டு, மரக்கரண்டியால் மேசையைத் தட்டுவேன். தொடங்கும்போது மூன்று தட்டு. டேக் முடிந்ததும், தூக்கிப்போட வேண்டியது என்றால் ஒரு தட்டு. வைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு. இது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் நாடாவுக்கும் நடுவில் இருந்த பேச்சு அது.

தொள்ளாயிரத்து எழுபதில் எங்கள் ஒரே இசைத்தட்டு வந்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பெட்டி வந்த அன்று சமையலறையில் எல்லோரும் சேர்ந்து பிரித்தோம். பின் அட்டையில் 'ஒலிப்பதிவு: ஹோய்ட் பெல்லிங்கர்' என்று இருந்தது. கீழே, நாய்களின் பெயர்களுக்கும் வீட்டுக்காரர் பெயருக்கும் நடுவில், 'ரொட்டிக்கு நன்றி: ஃபெர்ன்'.

ஹோய்ட் கழுத்தைச் சொறிந்தான். "கம்பெனிக்காரன் போட்டது ஃபெர்ன். பொண்ணு பேரு போட்டா நம்பமாட்டாங்கன்னான். நான் என்ன பண்ண?"

"பரவால்ல," என்றேன். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். அன்று சுட்ட ரொட்டி நன்றாக வந்திருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தின் மேட்டில் ரெட்வுட் பலகையால் செய்த தொட்டி ஒன்று இருந்தது, இரண்டு ஆள் உயரம், கூம்புக் கூரை, கூரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவு. இன்னும் மேலே ஒரு குட்டை. அங்கிருந்து தொடைத் தடிமனில் குழாய் ஒன்று தொட்டியின் அடியில் வந்து சேரும். இலையுதிர் காலத்தில் தொட்டியைக் காலி செய்துவிட்டு உள்ளே நின்று பாடினால், அந்த எதிரொலி இருக்கிறதே, தேவாலயத்தில் கிடைக்காது. மரம் சத்தத்தை மென்று மென்று திருப்பிக் கொடுக்கும்.

முறை இதுதான். பாடுகிறவர் நூலேணியில் உள்ளே இறங்குவார். ஏணி பலகையில் இடித்துக் கிறீச்சிடும் என்பதால் நான் அதை மேலே இழுத்துவிடுவேன். மைக்கைக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டுக் கதவையும் மூடிவிடுவேன், இல்லாவிட்டால் ஜே பறவைகள் கத்துவதும் சேர்ந்து பதிவாகும். பிறகு பக்கத்துக் கொட்டகையில் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன். குழாயின் வால்வுச் சக்கரம் அந்தக் கொட்டகை வாசலில் இருந்தது. பதிவு நாளில் அதை இறுக மூடி, மூடிவிட்டேன் என்பதற்கு அடையாளமாகத் தன் சிவப்புத் தொப்பியைச் சக்கரத்தில் மாட்டிவைப்பது ஹோய்ட்டின் வேலை. அவன் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுபத்திரண்டு அக்டோபரில் கொரினுக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாட அழைப்பு வந்தது. அவளுக்கு மட்டும். திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை சமையலறைக்கு வந்து, சூடான ரொட்டியின் முனையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கான்சஸ்காரி, கோதுமை வயலில் வளர்ந்தவள், வாயில் வைத்தால் எந்த மாவு என்று சொல்லிவிடுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது.

"ஃபெர்னு, தங்கமே," என்றாள். "நாளைக்குத் தொட்டில நான் மட்டும் தனியாப் பாடி ஒண்ணு எடுக்கணும். அந்தக் காக்காப் பாட்டு. லாஸ் ஏஞ்சலஸ்ல போட்டுக் காட்டணும். மெஷின்ல ஹோய்ட்ட உக்காரச் சொல்றியா?"

"ஏன், நான் உக்காந்தா?"

"அவனுக்குக் காது இருக்குடி."

"எனக்கு என்ன இருக்காம்?"

"உனக்குக் கை இருக்கு. இப்பிடி ஒரு ரொட்டிய இந்த மாகாணத்துல எவ பண்ணுவா சொல்லு? உன்னக் கூட்டிட்டுப் போக முடியலையேன்னுதான் எனக்கு அழுகையா வருது."

பாராட்டாகத்தான் சொன்னாள். என் கன்னத்தில் முத்தம்கூட வைத்தாள், மாவு ஒட்டியது. மூன்று வருடமாக அவளுடைய ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்தது யார் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் பொத்தானை அமுக்குகிறவள் என்று நினைத்திருந்தாள். அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? அட்டையில் அப்படித்தானே போட்டிருந்தது.

சனிக்கிழமை ஹோய்ட் வழக்கம்போல வால்வை மூடி, தொப்பியை மாட்டிவிட்டு, டூபாவைப் பழுதுபார்க்க பெடலூமாவுக்கு லாரியில் போய்விட்டான். டுவைட் தூங்கினான். நல்ல வெயில். கொரின் நீலப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழேயிருந்து, "ஹோய்ட் வந்தாச்சா?" என்று கேட்டாள்.

"வந்தாச்சு, உக்காந்தாச்சு," என்றேன். ஏணியை இழுத்தேன். கதவை மூடினேன். எல்லாம் வழக்கமாகச் செய்வதுதான்.

முதல் டேக் சுமார். ஒரு தட்டு.

"ஹோய்ட்டு, செருப்புப் பெட்டிக்குள்ள பாடற மாதிரி இருக்குடா," என்று உள்ளே சிரித்தாள். "கணுக்கால் அளவு தண்ணி விட்டா சத்தம் பளபளன்னு வரும்னு சொன்னியே, விட்டுத்தான் பாரேன்."

அப்படிச் சொன்னது ஹோய்ட் இல்லை. நான்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னேன், ஒரு மாதத்துக்கு முன்னால். அவளுக்கு அது ஹோய்ட் சொன்னதாக ஞாபகம். சரி. நான் போய்த் தொப்பியை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கால் சுற்றுத் திறந்தேன்.

"ஐயோ, ஜில்லுனு இருக்குடா பாவி!" என்றாள். நாடாவில் கேட்டிருப்பீர்கள், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் பாருங்கள். கணுக்காலுக்கு வந்ததும் மூடினேன். தண்ணீர் தரையாக இருந்தால் குரல் கீழே பட்டு வெளிச்சம்போல் எழும்பும். நான் எதிர்பார்த்ததைவிட அழகாக வந்தது. இரண்டு தட்டு.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் சுருளில் இன்னும் பாதி நாடா இருந்தது. உங்களுக்கு இது புரியுமோ என்னவோ: ஒரு ஜாடியில் தண்ணீர் பிடிக்கும்போது சத்தம் மெல்ல மேலே ஏறுமே, அதே மாதிரி தொட்டிக்குள்ளும் எதிரொலியின் சுருதி ஏறும். பாடுகிறவள் அதே பாட்டைப் பாடிக்கொண்டே இருக்க, சுற்றியுள்ள அறை மட்டும் அங்குலம் அங்குலமாக அவளை நெருங்கி வந்தால் எப்படி இருக்கும்? யாரும் அப்படி ஒன்றைப் பதிவு செய்ததில்லை. எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மூன்று தட்டுத் தட்டிவிட்டு வாசலுக்குப் போய்ச் சக்கரத்தை முழுக்கத் திறந்தேன். திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

குழாய் அடியில் இருந்ததால் தண்ணீரின் இரைச்சல் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம்தான். பிறகு அமைதி. இரண்டு சரணம் அவள் பாடினாள். இடுப்புக்கு வரும்வரை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். பிறகு, "போதும்டா ஹோய்ட், மூடு," என்றாள். அதற்குப் பிறகு, "ஹோய்ட், விளையாடாதடா." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப மரியாதையாக, "ஹோய்ட், எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். கோடையில் ஆற்றங்கரையில் அவள் மட்டும் கரையில் உட்கார்ந்திருப்பாள்.

ஒன்று சொல்கிறேன். 'ஃபெர்ன்' என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ முறை அந்த நிமிடங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கூப்பிடவில்லை. கடைசிவரைக்கும் அவள் ஹோய்ட்டைத்தான் கூப்பிட்டாள்.

ஒரு கட்டத்தில் மெஷினில் ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. இரண்டு கோடு குறைத்தேன். மற்றபடி எதிலும் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வீட்டு வேலை மாதிரிதான். மைக்கை எடுத்துத் துடைத்தேன். கதவைத் திறந்து ஏணியை உள்ளே தொங்கவிட்டேன். சக்கரம் திறந்தபடியே இருந்தது. ஹோய்ட்டின் தொப்பியைச் சமையலறையில் அதற்கான ஆணியில் மாட்டினேன். பொருள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் எனக்கு. பிறகு மாவு பிசைந்தேன். ஹோய்ட் வந்து, வழியும் தொட்டியைப் பார்த்து, ஓடி, எல்லாம் முடிந்து, சமையலறைக்கு வந்தபோது ஆணியில் தொப்பியைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "நான் மாட்டலையா ஃபெர்ன்? மாட்டினேனே," என்றான். "மறந்திருப்ப," என்றேன், அவனைத் தேற்றுவதற்காக. உங்கள் அலுவலகத்தின் அந்தக் காலத்து ஆட்கள் பத்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிட்டார்கள்: நீளமுடிக் கும்பல், போதைக்கு எதையோ விழுங்கிவிட்டுத் தொட்டியில் குளிக்கப் போனது. அதை மறுத்துச் சொல்ல என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சுருளை என்ன செய்வது? எரிக்க மனம் வரவில்லை. ஒரு பெட்டியில் போட்டு, மேலே 'டூபா, தாளம் தப்பியது' என்று எழுதினேன். உலகத்தில் யாரும் எடுத்துக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். குழு கலைந்தபோது ஹோய்ட் டூபா என்று எழுதியிருந்த பெட்டிகளையெல்லாம் பாசத்தோடு வாரிக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐம்பது வருடம் அவன் கார் கொட்டகையில் அது கிடந்தது. அவனும் கேட்கவில்லை. தாளம் தப்பியது என்று எழுதியதில் அவனுக்கு வருத்தம் இருந்திருக்கும்.

போன வருடம் அவனை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது அவன் மகள் கொட்டகையைக் காலி செய்தாள். பன்னிரண்டு சுருள்கள். ரோஸ்லின் டகாஹாரா பழைய பதிவுகளைத் தேடிப்பிடித்து வெளியிடுகிறவள், ஐம்பது வயதிருக்கும், அவளிடம் போய்ச் சேர்ந்தன. அந்தக் கால நாடா சிலது ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். மிதமான சூட்டில் மணிக்கணக்காகக் காயவைத்தால்தான் ஓட்ட முடியும். அதற்கென்று தனி மெஷின் ஒன்றும் இல்லை, பழம் காயவைக்கிற இதே பெட்டிதான். பதினொரு சுருள்களை முடித்த பிறகு அவளுடைய பெட்டியின் விசிறி எரிந்துபோயிற்று. கடைசிச் சுருளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டூபாதான். அவசரம் இல்ல," என்றாள். "ஆனா உங்க ஆப்பிளுக்கு நடுவுல ஒரு அடுக்கு எடம் கெடைக்குமா?"

காலை எட்டு மணிக்கு வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம்தான் வருவாள். அதோ, நீங்கள் பார்க்கிறீர்களே, அந்தத் திருகுதான். கடைசிவரை திருகி மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். நாடா சுருங்கி, ஓரம் அலையலையாகி, ஒன்றுக்கும் உதவாது. எழுபத்தேழு வயதுக் கிழவி ஒரு திருகை மறப்பதில் என்ன ஆச்சரியம்? நாள் முழுக்க அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையைக்கூடத் திருகின்மேல் வைத்தேன். நான்கு மணி நேரம் ஆனதும் எழுந்து, சுருளைப் பதமாக எடுத்துத் திருப்பி வைத்தேன். நூற்று முப்பது டிகிரி. ஒரு டிகிரி கூட்டவில்லை.

மறுநாள் காலை ரோஸ்லின் வந்தாள். கண் வீங்கியிருந்தது. இதே நாற்காலியில் உட்கார்ந்தாள். போலீஸுக்குச் சொல்லிவிட்டதாகவும், ஹோய்ட்மேல் வழக்குப் போட யோசிக்கிறார்களாம் என்றும் சொன்னாள். கொரின் ஹோய்ட்டைக் கூப்பிடுவதைச் சொன்னாள். கடைசியில் எல்லாம் அடங்கிய பிறகு இரண்டு சத்தம் கேட்கிறது, அவள் கடைசியாகப் பலகையைத் தட்டியிருக்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை என்று மறுபடியும் அழுதாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"படுபாவி. ஆனா சொல்லக் கூடாது ஃபெர்ன், என்ன ஒரு பதிவு தெரியுமா. முப்பது வருஷமா இந்த வேலைல இருக்கேன், ஒரு குரல இப்பிடி யாரும் புடிச்சு நான் கேட்டதில்ல. அந்த ஹோய்ட் மேதைதான், ராட்சசனா இருந்தாலும்."

அன்று மத்தியானமே உங்களுக்கு ஃபோன் செய்தேன். ஹோய்ட்டுக்காக.

இல்லை, தண்ணீர் வேண்டாம், தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதானே? கிழவி பழைய சிநேகிதனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைக்கிறீர்கள். அந்த நாடாவின் கடைசியை இன்னொரு முறை கேளுங்கள். தொட்டிக்குள் எழும்பும் எந்தச் சத்தத்துக்கும் எதிரொலி உண்டு, அவள் மூச்சுக்குக்கூட. கடைசி இரண்டு சத்தத்துக்கும் எதிரொலி இருக்காது. வறண்ட சத்தம். கொட்டகை மேசையில் மரக்கரண்டி படுகிற சத்தம். கரண்டி இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போங்கள்.

அது கொரின் தட்டியதில்லை, மிஸ்டர் ஓச்சோவா. அது நான்.

உங்கள் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறதா? அப்படியானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய அட்டையின் மாதிரியை ரோஸ்லின் எனக்கு அனுப்பியிருக்கிறாள், பழையபடியே ஹோய்ட் பெயர்தான் இருக்கிறது, அச்சுக்கு இன்னும் போகவில்லை. அவளிடம் சொல்லுங்கள். கொரினுடைய கடைசிப் பாட்டை வெளியிடும்போது அந்த இரண்டு தட்டையும் வெட்டிவிட வேண்டாம்.